வெள்ளியும் சனியும் காணாமப் போன காலண்டர்

மக்ளே,

நேத்து போன்ல, வடசேரி சந்தையில ஒரு பாட்டி கூடைமேல இடிச்சிட்டேன், கதவு நிலையில தோள் மோதுது, தலவலி வேற விட்ட பாடில்லன்னு சிரிச்சிட்டே சொன்ன பாரு, எனக்கு ராத்திரி ஒறக்கமே இல்ல. வயித்துல பிள்ளையோட இருக்கவளுக்கு ரத்தம் கொறவுன்னு உன் மாமி பேரீச்சம்பழம் வாங்கித் தாராவளாம், தின்னு, கொள்ளாம். ஆனா தோள் இடிக்கதுக்கும் ரத்தத்துக்கும் என்ன பிள்ளே சம்பந்தம்?

எனக்கு ஆறாம் மாசம் இப்பிடித்தான். அத்தான்கூட வண்டியில போறேன், வேட்டூர்ணிமடம் பக்கம் சைடுல பஸ் வந்தது காதுல கேக்குது, கண்ணுல இல்ல. கண்ணாடிக்கடையில போனா எழுத்துப் பலகையை கடைசி வரி வர வாசிச்சிட்டேன், கண்ணு ஜோரா இருக்குன்னு அனுப்பிட்டாவ. வீட்டுல வந்து மாசக் காலண்டர் கிட்ட நின்னு, இடது ஓரம் ஞாயிறு, வலது ஓரம் சனி, நடுவுல இருக்க புதன்கிழமையையே பாத்துட்டு ஒவ்வொரு கண்ணா பொத்தினேன். வலது கண்ணுக்கு வெள்ளியும் சனியும் இல்ல, இடது கண்ணுக்கு ஞாயிறு இல்ல, ரெண்டுக்கும் வெளிப்பக்கம்தான் போச்சு.

மூளைக்கு அடியில பட்டாணி அளவு பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி, அதுக்கு நேர் மேலதான் ரெண்டு கண்ணு நரம்பும் குறுக்க போகுது. பிள்ளை உண்டானா அந்த சுரப்பி எல்லாருக்கும் கொஞ்சம் பெருசாகும், அதுல பயப்பட ஒண்ணுமில்ல. எனக்கு அங்க ஏற்கனவே புரோலாக்டின் கட்டி, பால் சுரக்க வைக்க ஹார்மோன கூடுதலா விடுற கட்டி, கல்யாணத்துக்கு முன்ன மாத்திரை தின்னேன்லா, வயித்துல பிள்ளைன்னு தெரிஞ்சதும் நிறுத்தச் சொன்னாவ. 10 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா தொந்தரவு பண்ற அளவு வளர்றது நூத்துல 2, 3 பேருக்குத்தான், என்னோடது அதவிடப் பெருசு, நரம்ப மேல தள்ளிட்டு. மாத்திரைய திரும்ப ஆரம்பிச்சி சில வாரத்துல வெள்ளிக்கிழமை வந்துது, சனி இப்பவும் லேசா மங்கல்தான்.

உனக்கும் கட்டின்னு நான் சொல்லல. மொதல்ல பிரஷரும் யூரினும் பாக்கணும், பிரஷர் கூடினாலும் கண்ணு மங்கும், அதுவும் வெளயாட்டு இல்ல. பொறவு ஃபீல்டு டெஸ்ட், அதாவது நேரா பாக்கும்போ சுத்துவட்டம் எவ்வளவு தெரியுதுன்னு பாக்குற டெஸ்ட், வேணும்னு நீயே வாயத் தொறந்து கேளு. எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா பயப்படாத, மருந்து ஊசி போடாமலே எடுப்பாவ. இதுக்கு இடையில திடீர்னு மண்டை பொளக்கிற வலியும் வாந்தியும் வந்தா எனக்காக காத்திருக்காத, அந்த ராத்திரியே வண்டி புடி.

நாளைக்கு காலம்பற மொத பஸ்ஸுல வாரேன், ஆசாரிபள்ளம் பெரிய ஆஸ்பத்திரிக்கு போவோம். பழைய சீட்டு எல்லாம் எடுத்து வை. மரச்சீனி அவிச்சு கொண்டு வாரேன், மீன்கறி உன் மாமி வைக்கட்டும்.

உன் அக்கா