அக்கா, அந்த டிரான்சிஸ்டரைக் காயலான் கடைக்குப் போடாதே

அன்புள்ள அக்காவுக்கு,

மாயவரம் வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டதாக நீயும் அத்தானும் போனில் சொன்னீர்கள். பரண் மேல் இருக்கும் தகரப்பெட்டியையும் அப்பாவின் பிலிப்ஸ் டிரான்சிஸ்டரையும் என்ன செய்வது என்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே நீ வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் கடிதம். நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. பழைய சிற்றலை வானொலி நேயர்கள் யார் கண்ணிலாவது பட்டால், அந்தப் பெட்டியின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

தபால் குமாஸ்தாவாகச் சேர்ந்து, புள்ளியும் கோடுமான மோர்ஸ் தந்திக் குறியீட்டைப் படித்து, தந்தி வாங்கி அனுப்பும் சிக்னலர் ஆனவர் அப்பா. தந்திக்கு வார்த்தைக் கணக்கில் காசு, முகவரிக்கும் சேர்த்து. அந்த வேலை பார்த்தவர் வீட்டிலும் அளந்துதான் பேசியிருப்பார் என்று யாரும் நினைப்பார்கள். நம் அப்பாவுக்கு வாய் ஓய்ந்ததே இல்லை. கத்தரிக்காய் விலையில் தொடங்கி ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் போய் நிற்கும் பேச்சு. ஆனால் ஆபீசில் காதில் விழுந்தது மட்டும் வாசல்படி தாண்டாது. தந்தியில் வந்ததை வெளியே சொன்னால் ஜெயில் என்று 1885-ஆம் வருஷச் சட்டமே இருந்தது. சட்டம் இல்லாவிட்டாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

எதிர்வீட்டு வாத்தியாரின் தம்பி பம்பாயில் இறந்த அன்று அப்பா நேரம் கழித்து வந்து அம்மாவிடம் திட்டு வாங்கினாரே, நினைவிருக்கிறதா? அந்தத் தந்தியை எழுத்து எழுத்தாகக் காதில் வாங்கி எழுதியவர் அவர்தான். மரணச் செய்திக்கு எப்போதும் முதலிடம். உடனே சேவகரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். ஆனால் சேவகரின் சைக்கிள் முதலில் ரயிலடிப் பக்கம் போனது. அப்பாவுக்கு டியூட்டி முடிந்துவிட்டது. நேரே வீட்டுக்கு வந்தால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வாத்தியார் "வாங்க சார், என்ன சேதி?" என்று வழக்கம்போல் கேட்பார். என்ன பதில் சொல்வது? குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். தெருவில் அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே வந்தார். ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் கழித்து பேச்சுவாக்கில் இதை என்னிடம் சொன்னார். உனக்குச் சொன்னாரோ என்னவோ.

அவர் காதில் வாங்கிய அந்தத் தந்திக் கருவியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சினிமாவில் வருகிற மாதிரி பீப் பீப் என்றெல்லாம் அது பாடாது. இரும்புத் துண்டு கீழே அடிக்கும்போது ஒரு 'கட்', மேலே போகும்போது ஒரு 'டக்', அவ்வளவுதான். நடுவில் உள்ள இடைவெளி குறைந்தால் புள்ளி, நீண்டால் கோடு. சத்தம் பத்தவில்லை என்று பின்னால் ஒரு காலி டப்பாவைச் சொருகி வைத்திருப்பார். காது ஒரு வார்த்தை முன்னால் போகும், பேனா ஒரு வார்த்தை பின்னால் வரும். 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்பதெல்லாம் முதல் சொல் முடிவதற்குள் தெரிந்துவிடுமாம்.

அந்தக் காதுதான் ராத்திரியில் ரேடியோ கேட்டது. தென்னை மரத்துக்கும் மொட்டை மாடிக்கும் நடுவே செப்புக் கம்பி ஏரியல். மின்னல் வெட்டினால் முதலில் அதைக் கழற்றச் சொல்லிக் கத்துவார். இலங்கை வானொலி கம்பியில்லாமலே காதைப் பிளக்கும், அதைக் கேட்பதெல்லாம் ஒரு திறமையா என்பார். இரைச்சலுக்குள் முங்கிக் கிடக்கும் ஸ்டேஷனைப் பிடிப்பதில்தான் அவருக்கு ருசி. கப்பலுக்குப் போகும் மோர்ஸ் சில இரவுகளில் குறுக்கிடும். சாதாரண டிரான்சிஸ்டரில் அது தொனியாக வராது. இரைச்சல்தான் விட்டு விட்டு அடங்கி எழும். நமக்கு வெறும் புஸ் புஸ். அவரோ அந்த அடங்கும் இடங்களைக் கோர்த்து "பம்பாய் கூப்பிடுறான்" என்பார். நானும் முயன்று பார்த்தேன், தலைவலிதான் வந்தது.

பெட்டியில் இருக்கும் நீள நோட்டுகளில் நீ பார்த்த 34333 போன்ற எண்கள் லாட்டரி நம்பர் அல்ல. சின்போ என்று பெயர்: ஒலி வலிமை, மற்ற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மார்க். நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்து உலக நேரம் போட்டு, அலைவரிசையும் நிகழ்ச்சி விவரமும் எழுதி, கேட்ட நிலையத்துக்கே ஏர்மெயிலில் அனுப்புவார். அந்த நிலையம் 'ஆமாம், கேட்டது எங்களைத்தான்' என்று உறுதி செய்து அனுப்பும் வண்ண அட்டைதான் கியூஎஸ்எல். பீக்கிங் வானொலியின் தமிழ்ப் பிரிவு அனுப்பிய காலண்டருக்கு நாம் போட்ட சண்டை உனக்கு மறந்திருக்காது.

தந்தி நின்றது 2013 ஜூலை 14. ஒரு ஞாபகத்துக்கு என்று நீ சென்னையிலிருந்து அவருக்கு ஒன்று அடித்தாய். கம்ப்யூட்டரில் அச்சான தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாங்கி எழுதினவன் கையெழுத்தே இல்லையே" என்றார். அப்புறம் வார்த்தைகளை எண்ணி, இரண்டைக் குறைத்திருக்கலாம் என்றார். 2017 ஏப்ரல் 30-உடன் வானொலியில் பிபிசி தமிழோசையும் நின்றது. அதன் பிறகும், அது தொடங்கும் நேரமான ராத்திரி ஒன்பதே காலுக்குள் சாப்பாட்டை முடிக்க அம்மாவை அவசரப்படுத்திக்கொண்டுதான் இருந்தார்.

சரி, இப்போது காரியம். அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதே, ஒட்டிக்கொள்ளும். தபால்தலைக்காக உன் பையன் கவர்களை வெட்டாமல் பார்த்துக்கொள், முத்திரைத் தேதியும் முக்கியம். நோட்டுகளை எனக்கு அனுப்பு. டிரான்சிஸ்டர் யாருக்கு என்பதை அப்புறம் பேசி முடிவு செய்வோம். முதலில் அதன் பின்மூடியைத் திறந்து பேட்டரிக் கட்டைகளை எடுத்துவிடு. இந்நேரம் கசிந்திருக்கும்.

அன்புடன்,
தம்பி