கிறிஸ்டா லுட்விக் ஏற்க மறுத்த வேடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓபரா இசை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, மெஸ்ஸோ-சொப்ரானோவை 'இரண்டாம் கதாநாயகியின் குரல்' என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. தோழி, தாய், சூனியக்காரி, விடலைப் பையன் போன்ற வேடங்களே அக்குரலுக்குப் பெரும்பாலும் வாய்க்கின்றன என்பது உண்மைதான். ஆயினும், பெண் குரல்களில் மிக உயர்ந்ததான சொப்ரானோவுக்கும் தாழ்ந்ததான ஆல்டோவுக்கும் இடைப்பட்ட அக்குரலைக் கொண்டு ஏறக்குறைய அரை நூற்றாண்டு மேடையை ஆண்ட கிறிஸ்டா லுட்விக்கின் பெயர்கூட அதில் இடம்பெறாதது எனக்குக் குறையாகப் பட்டது.

1928இல் பெர்லினில் பிறந்த லுட்விக்கின் பெற்றோர் இருவருமே பாடகர்கள். தாயே அவருக்குக் குரு. போர் முடிந்த மறு ஆண்டில், பதினெட்டு வயதில், ஃபிராங்க்ஃபர்ட்டில் இளவரசன் ஆர்லோஃப்ஸ்கி என்னும் ஆண் வேடத்தில் அரங்கேறினார். 1955 முதல் 1994 வரை வியன்னா அரசு ஓபராவில் மட்டும் 700க்கும் மேற்பட்ட முறை பாடியிருக்கிறார்.

ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டெர் ரோசென்காவலியர்' ஓபரா ஒன்றே அவருடைய வீச்சுக்குப் போதிய சான்று. இசை நடத்துநர் கராயன் நடத்திய 1956ஆம் ஆண்டுப் பதிவில் இளங்காதலன் ஆக்டேவியனாகப் பாடியவர், பெர்ன்ஸ்டைன் நடத்திய 1971ஆம் ஆண்டுப் பதிவில், அந்தக் காதலனை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்கும் சீமாட்டியாகப் பாடினார். பின்னது சொப்ரானோவுக்கு உரிய பாத்திரம். பேத்தோவனின் லியோனோராவும் அப்படித்தான். கிளெம்பரர் நடத்திய 'ஃபிடேலியோ' பதிவில் அதையும் அவர் பாடியிருக்கிறார்.

இத்தனைக்கும் துணிந்தவர், வாக்னரின் ஓபரா நாயகி இசோல்டாவை ஏற்கவில்லை. கராயன், போம், பெர்ன்ஸ்டைன் ஆகிய மூன்று இசை நடத்துநர்களும் கேட்டும், தம் குரலுக்கு அது கேடு என்று கருதி மறுத்துவிட்டார். பல வேடங்களைப் பாடியதைவிட இந்த மறுப்பையே அவருடைய பெரிய திறமையாக நான் மதிக்கிறேன். தொண்டையின் எல்லையை அறியாமல் உச்சத்தைத் துரத்திக் குரலைத் தொலைத்தவர்கள் எந்த இசை மரபிலும் உண்டு.

மாலரின் 'மண்ணுலகப் பாடல்' என்னும் பாடல் தொகுப்பைக் கிளெம்பரர் தலைமையில் அவரும் ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷும் பாடிய பதிவையாவது வாசகர்கள் கேட்க வேண்டும். 1964க்கும் 1966க்கும் இடையே பகுதி பகுதியாகப் பதிவானது அது. இறுதிப் பாடலான 'விடைபெறுதல்' அரை மணி நேரத்தை நெருங்குவது. 'என்றென்றும்' எனப் பொருள்படும் ஒரே ஜெர்மானியச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அடங்குவது. ஒவ்வொரு முறையும் குரல் தணிகிறதே தவிர நலிவதில்லை. கீழ் ஸ்தாயியின் கனமும் மேல் ஸ்தாயியின் ஒளியும் ஒருங்கே வேண்டும் அவ்விடத்தில், 'இரண்டாம் குரல்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருக்க முடியும்?

ஆண் குரல்களே பெரிதும் பாடிவந்த ஷூபர்ட்டின் 'குளிர்காலப் பயணம்' என்னும் பாடல் தொகுப்பையும் அவர் பாடினார். 1989இல் லண்டனில் பெர்ன்ஸ்டைனின் 'காண்டீட்' படைப்பில் கிழவி வேடமேற்று அரங்கைச் சிரிக்க வைத்தபோது அவருக்கு வயது 61. 2021இல், 93ஆம் வயதில் மறைந்தார்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் மெஸ்ஸோ-சொப்ரானோவுக்கு ஒரு பத்தியேனும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி