ஏஎம்டி வேண்டாம் என்று சொல்லும் கம்ப்யூட்டர் கடைக்கார அண்ணன்களுக்கு

சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுக்கும் அண்ணன்களுக்கு வணக்கம்.

போன மாதம் அக்கா மகனுக்குக் காலேஜ் படிப்புக்காக ஒரு சிஸ்டம் போடலாம் என்று ஒரு கடைக்குப் போனோம். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசசர் என்று சொன்னதுமே அங்கிருந்தவர் கொட்டேஷன் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஏஎம்டி சூடாகும் சார், சாஃப்ட்வேர் செட் ஆகாது, இன்டெல்லே போட்டுருங்க" என்றார். இருபது வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

சூடு விஷயம் ஒரு காலத்தில் உண்மைதான். 2000 வாக்கில் வந்த ஏஎம்டியின் அத்லான் சிப்புகளில் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் கழன்றால் தானாக அணைந்துகொள்ளும் வசதி இல்லை, மாட்டும்போது ஒரு பக்கமாக அழுத்தினால் சிப்பின் மூலையே உடைந்துவிடும். 2011-ல் வந்த எஃப்எக்ஸ் வரிசையும் கரண்ட்டை நிறைய இழுத்துச் சூடானது. ஆனால் 2017-ல் ரைசன் வந்ததோடு அந்தக் கதை முடிந்துவிட்டது. சரி, இன்டெல்லில் பிரச்சினையே வந்ததில்லையா? 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் வோல்டேஜ் கூடிப்போய்ப் பழுதானதால் 2024-ல் சிப்புக்குள் ஓடும் மைக்ரோகோடு நிரலுக்குத் திருத்தம் விட்டு, வாரன்ட்டியையும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். 2023-ல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சில சாக்கெட்டிலேயே கருகியதும் நடந்ததுதான், அதற்கும் மதர்போர்டைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரலில் வோல்டேஜைக் கட்டுப்படுத்தினார்கள்.

சாஃப்ட்வேர் செட் ஆகாது என்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். உங்கள் கடையில் இருக்கும் இன்டெல் மெஷினிலேயே விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் (WinSxS) என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், ஏஎம்டி64 என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஏனென்றால் இன்று எல்லோரும் ஓட்டும் 64-பிட் முறையை வடிவமைத்ததே ஏஎம்டிதான். 2003-ல் அவர்கள் சிப்பில் வந்தது, அடுத்த வருஷம் இன்டெல்லும் அதையே எடுத்துக்கொண்டது. கம்ப்யூட்டருக்குள்ளேயே போன் மாதிரி ஓடும் ஆண்ட்ராய்டு எமுலேட்டர் மட்டும் விண்டோஸில் ரொம்ப நாள் இன்டெல்லை நம்பியே வேகமாக ஓடியது, 2018-ல் அதுவும் சரியாகிவிட்டது. வீடியோ எடிட்டிங்குக்கு, வீடியோவைச் சீக்கிரம் மாற்றித் தரும் இன்டெல்லின் குவிக்சிங்க் வசதி உதவும் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

உண்மையில் "ஏஎம்டி கம்ப்ளெய்ன்ட்" என்று உங்களிடம் திரும்பி வருவதில் பல, மாட்டும்போது நடக்கிற தவறுகள். ரைசன் 5 5600-ல் டிஸ்ப்ளே வசதி கிடையாது (தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும்), 5600ஜி-யில் உண்டு. இதைச் சொல்லாமல் விற்றால் வீட்டுக்குப் போய் மானிட்டரைச் சொருகுகிறவர் சிப் செத்துவிட்டது என்றுதானே நினைப்பார்? பழைய ஸ்டாக் பி450 மதர்போர்டில் ரைசன் 5000 வரிசையை மாட்டினால் பயாஸ் அப்டேட் செய்யும்வரை திரை கறுப்பாகவே இருக்கும். அப்புறம் கூலர். ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் இந்தச் சிப்புகளில் பின்கள் சிப்பிலேயே இருப்பதால், நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும்போது கூலரை நேராக இழுத்தால் லாக் போட்டிருக்கும்போதே சிப்பும் ஒட்டிக்கொண்டு வந்து பின் வளைந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுவதற்குள் இப்படியும் அப்படியுமாக மெதுவாகத் திருகி எடுத்தால் ஒன்றும் ஆகாது.

கடைசியில் வேறொரு கடையில் 5600ஜி போட்டோம். அந்தக் கடைத் தம்பி முதலில் பயாஸ் வெர்ஷனைத் திரையில் காட்டி, ராம் முழு வேகத்தில் ஓடுகிறதா என்றும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் விண்டோஸ் பென்டிரைவைச் சொருகினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நீங்களும் அப்படிச் செய்து கொடுங்கள் அண்ணா.