நாயனக்காரர் பெயரையும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மார்கழி பிறந்துவிட்டால் தங்கள் நாளிதழில் சென்னை சபாக்களுக்கென்று தனி இடம் ஒதுக்கிவிடுகிறீர்கள். யார் பாட்டு, யார் வயலின், யார் மிருதங்கம், எத்தனை மணிக்கு, எந்த கேன்டீனில் என்ன டிபன் என்பது வரைக்கும் வந்துவிடுகிறது. நல்ல காரியம்தான். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு நானும் ஒரு வரி விடாமல் படிக்கிறேன். ஆனால் சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் கோயில் கோயிலாக, தெருத் தெருவாக, டிக்கெட் இல்லாமல் நடக்கிற கச்சேரிகளுக்குத் தங்கள் தஞ்சைப் பதிப்பில் என்ன கிடைக்கிறது? "இரவு 8: சுவாமி வீதியுலா, மங்கள இசை." அவ்வளவுதான். வாசிப்பது யார் என்பதற்கு ஒரு சொல் கிடையாது. இந்தக் கோடை முழுக்க நாயனம், அதாவது நாதஸ்வரம், கேட்டு அலைந்தவள் என்ற முறையில் இதைப் பற்றித் தங்களுக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாயனப் பைத்தியம் அப்பாவிடமிருந்து வந்தது. வேலையில் இருந்தவரை லீவு கிடைத்தால்தான் உண்டு. இப்போது கேட்பார் இல்லை. துணைக்கு என் நாத்தனார் வருவாள். அவளுக்கு ராகமெல்லாம் தெரியாது, தவில் பிடிக்கும். முறுக்கு, தண்ணீர் பாட்டில், உட்காரப் பழைய பெட்ஷீட் ஒன்று, இவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. எங்கே யார் வாசிக்கிறார் என்று தெரிந்துகொள்வதுதான் பெரும்பாடு. ஒரு கோயிலில் பூக்கடைக்காரரைக் கேட்போம், இன்னொன்றில் மெய்க்காவலுக்குப் போன் போடுவோம். "ஸ்பெஷல் மேளம்மா, வெளியூர் செட்டு" என்பார்கள். எந்த வெளியூர் என்றால் தெரியாது.

பங்குனியில் திருவாரூர் ஆழித்தேரோடு எங்கள் கோடை ஆரம்பித்தது. சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊர். அங்கே ஐந்து முகம் கொண்ட பஞ்சமுக வாத்தியம் முழங்கும்போது பக்கத்தில் நின்று ஒரு முறையாவது கேட்கவேண்டும். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நாதம். பிறகு அட்சய திருதியை அன்று எங்கள் ஊர்ப் பெரிய தெருவில் பன்னிரண்டு பெருமாள்கள் கருடன் மேல் வரிசையாக நிற்கும் சேவை. அன்றைக்குக் கூட்டமும் வெயிலும்தான் ஞாபகம்; காது கொடுத்து எதையும் கேட்க முடியவில்லை.

திருவையாறு ஏழூர்த் திருவிழாவைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும். சித்திரை விசாகத்தில் ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கில் ஏற, நந்திகேசுவரரும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கில் ஏற, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஊர் ஊராகப் போவார்கள். ஒவ்வொரு ஊர்ச் சுவாமியும் தன் பல்லக்கோடு சேர்ந்துகொள்ள, கடைசியில் ஏழூர்ப் பல்லக்குகளும் திருவையாற்றுக்கு வந்து சேரும். அங்கே பொம்மை பூப்போடும். சனங்கள் அந்தப் பொம்மையைப் பார்க்கத்தான் முண்டியடிப்பார்கள். நாங்கள் போவது வழியில் பல்லக்கை இறக்கி வைக்கிற இடங்களுக்காக.

அப்படி ஒரு தெருவில், ராத்திரி, பல்லக்கு மண்டகப்படிக்கு, அதாவது வழியில் நடக்கிற உபயப் பூஜைக்கு, நின்றது. நாயனக்காரர் முன்னால் வந்தார். குழலில் கட்டித் தொங்கிய, வாயில் வைத்து ஊதுகிற சீவாளிக் கொத்தில் ஒன்றை எடுத்து வாயில் நனைத்தார், ஊதிப் பார்த்தார், பிடிக்கவில்லை, அடுத்ததை எடுத்தார். அதையும் ஊசியால் லேசாக நெம்பிச் சரிசெய்து குழல் முனையில் உள்ள கெண்டையில் செருகினார். அந்தச் சமயத்தில் தவில்காரர் வலது கை விரல்களில் போட்டிருந்த கூடுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காம்போதி ராகம். ஆரம்பத்தில் ஒரே ஒரு நீண்ட சுரம், அதை விட்டு நகராமலே கொஞ்ச நேரம். என் நாத்தனார்கூட முறுக்குப் பொட்டலத்தை மூடிவிட்டாள். திண்ணையில் படுத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அடடா, அடடா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். மேல்ஸ்தாயிக்குப் போய் அங்கேயே நின்று சுற்றிவந்தபோது தவில்காரர் வாசிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார் பாருங்கள், அதுவே ஒரு பாராட்டுப் பத்திரம்.

பெயர் கேட்கலாம் என்று தாளம் போட்ட பையனிடம் போனேன். "மாமா பேரா?" என்று அவன் திரும்பிய நேரத்தில் பல்லக்கைத் தூக்கிவிட்டார்கள், கூட்டம் எங்களை ஓரமாக ஒதுக்கிவிட்டது. மஞ்சள் ஜிப்பா, காதில் கடுக்கன், வயது ஐம்பது இருக்கும். இன்றைக்கும் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மறுநாள் காலை தங்கள் நாளிதழில் அந்தத் திருவிழாவின் படம் வந்திருந்தது. கண்ணாடிப் பல்லக்கு இருந்தது, பொம்மை இருந்தது, கூட்டம் இருந்தது. அவர் இல்லை.

திருவையாற்றுக்குச் சில நாள் முன்னால் திருச்சூரில் இருந்தேன். என் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது அங்கே. பூரத்தன்று வடக்குநாதன் கோயில் மதிலுக்குள் நடக்கும் இலஞ்சித்தற மேளத்தைக் கேட்க மாப்பிள்ளை அழைத்துக்கொண்டு போனார். செண்டை, இலைத்தாளம், கொம்பு, குழல் என்று இருநூறு பேருக்கு மேல் நின்று வாசிக்கிற பாண்டி மேளம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்று, மெதுவாக ஏறி, உச்சத்துக்குப் போகும்போது கேட்கிற சனமெல்லாம் கையை மேலே தூக்கித் தாளம் போடுகிறது. எனக்கு மேளத்தைவிட வேறொன்று ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் ஏறிய ஆட்டோக்காரருக்கு இந்த வருஷம் பிரமாணி யார் என்று தெரிந்திருந்தது. அங்கே மேளத்துக்குத் தலைமை தாங்குகிறவரைப் பிரமாணி என்பார்கள். பெருவனம் குட்டன் மாரார் பல வருஷம் அந்த இடத்தில் நின்றவர், 2011ல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவருக்குப் பின் அந்த இடம் வேறொருவருக்குப் போனபோது மலையாளப் பத்திரிகைகளில் அது ஒரு செய்தி. மாப்பிள்ளை காலை டிபனின்போது பேப்பரை வாசித்து எனக்கு அர்த்தம் சொன்னார்: இந்தப் பக்கம் மேளத்துக்கு இன்னார், அந்தப் பக்கம் பஞ்சவாத்தியத்துக்கு இன்னார் என்று பெயர் பெயராக.

திருவையாற்றில் கூட்டத்தால் ஒதுக்கப்பட்டு நின்றபோது எனக்கு அந்தப் பேப்பர்தான் ஞாபகம் வந்தது.

நம் கோயில்களுக்கு இப்போது செண்டையையே வரவழைக்கிறார்களே என்பீர்கள். செண்டை மேல் எனக்கு வருத்தமில்லை; திருச்சூரில் கேட்டவளுக்கு எப்படி வரும்? இங்கே வரவழைப்பது அதை அல்ல. ஒரே மாதிரி வேட்டி கட்டிய பத்துப் பேர் சினிமாப் பாட்டுத் தாளத்துக்குக் குதித்து வாசிக்க, பையன்கள் செல்போனில் பிடிக்கிறார்கள். வைகாசியில் ஒரு சிவன் கோயில் திருவிழாவுக்குப் போனோம். ஊர் பெயர் வேண்டாம். சுவாமி புறப்பாடு. கோபுர வாசலில் கம்பீரநாட்டையில், புறப்பாட்டுக்கென்றே வாசிக்கிற மல்லாரி எடுத்தார்கள். ரிஷபமும் தைவதமும் இல்லாத ராகம், பாட்டு வரி கிடையாது; அதைத் தவிலோடு கேட்டால் சுவாமி வருகிறார் என்பது உள்ளே படுத்திருக்கிற நோயாளிக்கும் தெரிந்துவிடும். முதல் காலம் முடிவதற்குள் விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் வந்து, "நீங்க பின்னாடி வாங்க, செண்டை முன்னாடி போகட்டும், வீடியோ எடுக்குறாங்க" என்றார். நாயனக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. வாயிலிருந்து குழலை எடுத்தார், பின்னால் போனார். தெற்கு வீதி திரும்பியதும் அவர் சண்முகப்பிரியா ஆரம்பிக்க, எதிரே இன்னிசைக் கச்சேரி மேடையில் "செக், செக், மைக் டெஸ்டிங்". இதெல்லாம் போக, கோயிலுக்குள் தீபாராதனைக்கு ஸ்விட்ச் போட்டால் தானே அடித்துக்கொள்கிற மின்சார மேளம் வேறு. மணியும் முரசும் தகர டப்பாவும் சேர்ந்த சத்தம். கோயிலுக்கென்று மேளக்காரர் இருக்கிற இடத்திலேயே அதைப் போடுகிறார்கள் என்பதுதான் கொடுமை.

மெலட்டூருக்கும் போனோம், நரசிம்ம ஜயந்திக்கு. ஆண்களே பெண் வேஷமும் கட்டி, தெலுங்கில் விடிய விடிய நடக்கிற பாகவத மேளா நாட்டிய நாடகம். அதைப் பற்றித் தாங்களே ஒவ்வொரு வருஷமும் நன்றாக எழுதிவிடுகிறீர்கள், வெளிநாட்டுக்காரர்கள் வருவதாலோ என்னவோ. நான் சொல்ல ஒன்றும் பாக்கியில்லை.

நாயனம் மட்டும் ஏன் தங்கள் கண்ணில் படுவதில்லை என்று யோசித்துப் பார்த்தேன். எப்போதும் இருப்பது, கல்யாணத்தில் இருப்பது, கெட்டிமேளத்துக்கு விரலைத் தூக்கினால் வாசிப்பது என்றாகிவிட்டது. சபாக்காரர்களும் டிசம்பரில் விழாவைத் தொடங்க மங்கள இசை வைப்பார்கள். பாதி நாற்காலிக்கு ஆளே வந்திருக்காது. இத்தனைக்கும் நாயனக்காரர் ஷேக் சின்ன மௌலானா 1998ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி ஆனவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்க ராத்திரி முழுக்க வண்டி கட்டிக்கொண்டு வந்ததை என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். காருகுறிச்சி, நாமகிரிப்பேட்டை, திருவீழிமிழலை, செம்பனார்கோயில், குளிக்கரை என்று எத்தனை ஊர்களை நமக்கு இந்த வாத்தியம்தான் தெரியவைத்தது! நீடாமங்கலம், நாச்சியார்கோயில், வலயப்பட்டி என்றால் தவில் என்று அர்த்தம். ஊர்ப் பெயரைச் சொன்னாலே வாசிப்பு காதில் கேட்கும் என்பது வேறு எந்தக் கலைக்கு இருக்கிறது?

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தாங்கள் கொட்டை எழுத்தில் போட்டீர்கள். ஆச்சா மரத்தை எப்படிக் கடைகிறார்கள், எத்தனை நாள் ஆகிறது என்று படத்தோடு வந்திருந்தது. வெட்டி வைத்திருக்கிறேன். மரத்துக்கு ஊர் பெயர் கிடைத்துவிட்டது. அதை ஊதுகிறவருக்கு?

இதனால் அவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். அறநிலையத் துறையின் நாதஸ்வர, தவில் பயிற்சிப் பள்ளிகளிலும் திருவையாறு இசைக் கல்லூரியிலும் படித்து வெளியே வருகிற பையன்கள், இப்போது பெண்களும்தான், பிழைப்பது பெரும்பாலும் முகூர்த்தத்தில். பேப்பரில் பெயர் வந்தால் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் காட்டலாம், கூலி பேசும்போது கொஞ்சம் நிமிர்ந்து பேசலாம். "பின்னாடி வாங்க" என்று சொல்கிறவரும், காலையில் பேப்பரில் பார்த்த பெயர் என்றால் இரண்டு முறை யோசிப்பார்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. சபாவுக்குப் போடுகிற மாதிரியே நாயனம் யார், தவில் யார், எந்த ஊர், புறப்பாடு எத்தனை மணிக்கு, நின்று வாசிக்கிற மண்டகப்படி எந்தத் தெருவில் என்று போட்டால் போதும். இரண்டு வரி அதிகமாகும். அழைப்பிதழில் "நாதஸ்வரக் குழுவினர்" என்று மொட்டையாகத்தான் இருக்கிறது, நிருபர் என்ன செய்வார் என்பீர்கள். கோயில் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார்கள். சம்பளமோ சன்மானமோ எழுதுகிற இடத்தில் பெயர் இல்லாமலா போகும்? வெளியூர் செட் என்றால் ஏற்பாடு செய்த உபயதாரருக்குத் தெரியும். தினமும் காலைப் பூஜையிலிருந்து பள்ளியறை வரை வாசிக்கிற கோயில் மேளக்காரரை விட்டுவிடாதீர்கள்; திருவிழா நாளில் ஸ்பெஷல் மேளத்துக்குப் பக்கத்தில் அவர் பெயரும் வரட்டும்.

படம் போடுகிற போட்டோகிராபர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். சுவாமிக்கு முன்னால் நிற்கிறவர்களை வெட்டிவிட்டுச் சுவாமியை மட்டும் போடவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்குக் கொடியேற இன்னும் நாள் இருக்கிறது. தேரன்றும் அதற்கு முந்தைய ராத்திரிகளிலும் நான்கு வீதியிலும் நாயனம் கேட்கலாம், அதிலிருந்தே தொடங்கிவிடலாம். நிருபர்களுக்கு நேரமில்லை என்றால் கும்பகோணம், திருவிடைமருதூர், சுவாமிமலைப் பக்கத்துக் கோயில்களில் விசாரித்து, வாரா வாரம் அஞ்சலட்டையில் எழுதி அனுப்ப நான் தயார். வாட்ஸ்அப்தான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. எண்ணைத் தனியாக எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன், அதை மட்டும் அச்சில் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.