கொறடா உத்தரவுக்கு ஓர் எல்லை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.எல்.ஏ.க்கள் அணி மாறும் செய்தி வரும்போதெல்லாம், கட்சித் தாவல் தடைச் சட்டத்தை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்ற குரல் எழுகிறது. விலை போகிறவர்கள் மீதுள்ள கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அதே சட்டம், விலை போகாமல் சொந்தமாக யோசிக்கிற உறுப்பினரையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. என் ஆதங்கம் அதைப் பற்றியது.

சட்டம் வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. 1967இல் அரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். அந்தக் காலத்தில் பல மாநில அரசுகள் இப்படிக் கவிழ்ந்தன. 1985இல் ராஜீவ் காந்தி அரசு 52ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து, அரசியல் சாசனத்தில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது.

அந்த அட்டவணையை ஒரு முறை படித்துப் பாருங்கள். கட்சியிலிருந்து தானாக விலகினால் பதவி போகும், சரி. எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் கொறடா மூலம் இடும் உத்தரவை மீறி வாக்களித்தாலும் போகும். முன் அனுமதி வாங்காமல், வாக்களிக்காமல் சும்மா இருந்தாலும் போகும். 15 நாட்களுக்குள் கட்சி மன்னித்தால்தான் தப்பிக்கலாம். ஆட்சி நிலைக்குமா என்ற வாக்கெடுப்பா, பல்கலைக்கழகம் பற்றிய சாதாரண மசோதாவா என்ற வேறுபாடு அந்த வாசகத்தில் இல்லை.

ஒரு தொகுதியின் விளைநிலங்களைக் கையகப்படுத்த வழிசெய்யும் மசோதா அவைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விவசாயிகள் மனுவோடு தங்கள் உறுப்பினரிடம் போகிறார்கள். அவருக்கும் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பது தெரிகிறது. லஞ்சம் வாங்கிக்கொண்டு செய்தாலொழிய, அவையில் பேசியதற்காகவோ வாக்களித்ததற்காகவோ அவர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. அரசியல் சாசனத்தின் 194ஆவது பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. நீதிமன்றத்துக்குப் பயப்பட வேண்டாதவர் கொறடாவுக்குப் பயந்து கை தூக்குகிறார். தன்னை அனுப்பிய மக்களுக்கு எதிராகத் தூக்குகிறார். எனக்கு இது பொறுக்கவில்லை.

இதைவிடக் கொடுமை, தனியாக மாறுபடுகிறவருக்குத்தான் தண்டனை என்பது. சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் இன்னொரு கட்சியோடு இணைப்புக்குச் சம்மதித்தால் யாருடைய பதவிக்கும் ஆபத்தில்லை. 2003 வரை, மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தாலே போதும் என்றிருந்தது. கொள்கைக்காக ஒருவர் பெரும்பாலும் தனியாகத்தான் நிற்பார். பேரம்தான் கும்பலாக நடக்கும். சட்டம் யாரைத் தடுக்க வந்தது, யாரைத் தடுக்கிறது?

கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர் கட்சிக்குக் கட்டுப்பட வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தேர்தல் அறிக்கையில் சொன்னதற்குக் கட்டாயம் கட்டுப்பட வேண்டும். மற்றதில் மீறினால் கட்சி தன் நடவடிக்கையை எடுக்கட்டும். 2008இல் நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன் பதவி விலகும்படி கட்சி சொன்னதை மக்களவைத் தலைவர் சோம்நாத் சாட்டர்ஜி ஏற்கவில்லை. அவருடைய மார்க்சிஸ்ட் கட்சி அவரை நீக்கியது. அது அந்தக் கட்சியின் உரிமை. ஆனாலும் அவர் மக்களவைத் தலைவராகவே பதவிக்காலத்தை முடித்தார். கட்சி தந்ததைக் கட்சி எடுத்துக்கொள்ளலாம். வாக்காளர் தந்ததை எடுக்கக் கூடாது.

நான் கேட்பது புதிதும் அல்ல. அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் நம்பிக்கை வாக்கெடுப்புகளில் மட்டும் இந்தத் தண்டனை இருக்கட்டும் என்று தேர்தல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே சொன்னது. 1992இல் கிஹோட்டோ ஹோலோஹான் வழக்கில் சட்டத்தைச் செல்லும் என்று ஏற்ற உச்ச நீதிமன்றமும், நம்பிக்கை வாக்கெடுப்பையும் கட்சியின் அடிப்படைக் கொள்கைகளையும் தாண்டி இது நீளக் கூடாது என்ற கருத்தையே சொன்னது. சட்ட ஆணையம் 1999இல் இதையே வலியுறுத்தியது. 2010இல் மக்களவை உறுப்பினர் மணீஷ் திவாரி, அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரக்கூடிய தனிநபர் மசோதாவாகவும் இதைக் கொண்டுவந்தார். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இதில் கைவைப்பதில்லை.

குடியரசுத் தலைவர் தேர்தலில் கொறடா உத்தரவு கிடையாது, வாக்கும் ரகசியம். 1969இல் இந்திரா காந்தி மனசாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னார். காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி தோற்று, வி.வி.கிரி ஜெயித்தார். குடியரசு அதனால் குலைந்துவிடவில்லை. சொந்த உறுப்பினர்களையே வாதாடி இணங்கவைக்க வேண்டிய நிலை வந்தால் அமைச்சர்களும் மசோதாவை ஒழுங்காகத் தயார்செய்து வருவார்கள். இப்போதோ காலையில் தாக்கலான மசோதா மாலைக்குள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடுவதும் உண்டு.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். கூட்டத்தொடர் முடிந்ததும், எந்த மசோதா என்று தாக்கலானது, எத்தனை மணி நேரம் விவாதிக்கப்பட்டது, ஆளுங்கட்சி உறுப்பினர் யாராவது திருத்தம் கேட்டாரா என்று ஒரு பட்டியல் வெளியிடுங்கள். குரல் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்பது பதிவாவதில்லை. எண்ணிக் கணக்கிடும் வாக்கெடுப்பைக் கேட்கும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு; எங்கள் பிரதிநிதிகள் அதைக் கேட்டார்களா, இல்லையா என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்