ஹாலும் பாலும்

தளி,
செப்டம்பர் 14

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் நிம்மதி.

விருது வாங்கிய கதையைக் கேட்டிருந்தாய். 5ஆம் தேதி சென்னையில் நல்லாசிரியருக்கான டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது தந்தார்கள். வெள்ளிப் பதக்கம், சான்றிதழ், 10,000 ரூபாய். பதக்கத்தை அப்பா படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். மேடையில் நின்றது ஒரு நிமிடம்கூட இருக்காது. முந்தின நாள் இரவு மற்ற மாவட்டத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசியதுதான் இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதில் ஈரோடு மாவட்டத்துத் தாளவாடி மலையிலிருந்து வந்த ஓர் அக்கா. அங்கேயும் நம் பக்கம் போல வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகள். நான் என் கஷ்டத்தைச் சொன்னேன்: பால் படத்தைக் காட்டினால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'ஹாலு' என்கிறது, திருத்தித் திருத்தி வாய் ஓய்கிறது என்று. "ஏன் திருத்துறீங்க? அங்கேதானே ஆரம்பிக்கணும்" என்றார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரித்தார். ஒரு பக்கம் ஹாலு, ஹல்லு, ஹூவு, ஹத்து. எதிர்ப்பக்கம் பால், பல், பூ, பத்து. பழைய கன்னடத்திலும் இவை 'ப'தானாம், பிற்பாடு 'ஹ' ஆயிற்றாம். ஹுலி புலி, ஹுளி புளி. உன் பென்னாகரத்துப் பக்கம் இருக்கிற ஒகேனக்கல்லும் அப்படித்தான். 'ஹொகெ' என்றால் புகை, புகைகிற கல். எத்தனை முறை அங்கே போயிருக்கிறோம், ஒருநாளும் தோன்றவில்லையே!

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 22 வருடமாக நான் தப்பு என்று சொன்னதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் அம்மா பேச்சு. கடைசி வரிசையில் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, நாலாம் வகுப்பு முடிவதற்குள் அப்பா அம்மாவோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன ஒரு பெண்ணின் முகம் வந்து வந்து போனது. விருதுக்கு அனுப்பிய கோப்பில் அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த அக்காவிடம் அதைச் சொன்னேன். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவரும் தன் பள்ளியிலிருந்து நின்றுபோன ஒரு பையனைப் பற்றிப் பேசினார். கடலோரத்திலிருந்து வந்திருந்த சாரும் ஒருவனைச் சொன்னார். இத்தனை நல்லாசிரியர்கள் கூடிய இடத்தில், ஜெயித்த பிள்ளைகளைவிடக் கைநழுவிய பிள்ளைகளைத்தான் அதிகம் பேசினோம்.

திங்கட்கிழமை கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் வீட்டுப் பேச்சு, ஒரு பக்கம் பள்ளிப் பேச்சு என்று எழுதினேன். எப்போதும் பேசாத ஒருவன் எழுந்து வந்து 'ஹத்து' என்று சொல்லிப் பத்து விரலையும் விரித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெலுங்குப் பிள்ளைகளும் தங்கள் சொற்களைக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு இன்னொரு நோட்டு போட வேண்டும்.

அப்புறம் ஒரு சந்தேகம். மாரண்டஅள்ளியில் உள்ள அள்ளியும் வேப்பனப்பள்ளியில் உள்ள பள்ளியும் ஒரே சொல்தான், ஊர் என்று அர்த்தம் என்றேன். உடனே ஒரு சுட்டிப்பெண், "அப்ப நம்ம பள்ளிக்கூடத்துப் பள்ளியும் ஊருதானா டீச்சர்?" என்கிறாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நம் செட்டில் தமிழில் கெட்டிக்காரி நீதான். காலாண்டு லீவுக்கு நீ வரும்வரை என்னால் காத்திருக்க முடியாது, சீக்கிரம் எழுது.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழி