டா-வில் ஒரு பெயர் சொல்லேன்

திருவல்லிக்கேணி,
ஞாயிறு மாலை

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்கு என் பேத்திதான் காரணம், திட்டுவதானால் அவளைத் திட்டு. நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் பார்த்துக்கொண்டிருந்த அதே காலையில் இங்கே நித்யாவுக்கு வலி எடுத்து, மத்தியானத்துக்குள் பெண் பிறந்துவிட்டது. ஆடிப் பூரம், சிம்ம ராசி. மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு, தலை நிறைய முடி, இரண்டு பேரும் நலம்.

பெயர்தான் இன்னும் வைத்தபாடில்லை.

சம்பந்தியம்மா மறுநாளே ஜோசியரிடம் போய் ஒரு துண்டுச் சீட்டோடு வந்துவிட்டார். பூரத்தின் நான்கு பாதங்களுக்கு மோ, டா, டி, டூ. குழந்தை பிறந்தது இரண்டாம் பாதம், ஆகவே டா. முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நீ, நீயே சொல்லடி, டா-வில் தொடங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று உண்டா? டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியத்திலேயே கதவைச் சாத்திவிட்டார்களே. எனக்குத் தோன்றியது டாலி ஒன்றுதான், அது எங்கள் தெரு நாய்க்கு ஏற்கெனவே வைத்தாயிற்று.

சும்மா இருக்க முடியாமல் பஞ்சாங்கத்தை எடுத்து அந்த அட்டவணை முழுவதையும் படித்தேன். 27 நட்சத்திரம், ஆளுக்கு நான்கு பாதம், மொத்தம் 108 எழுத்து. பாட்டி காலத்திலிருந்து கேள்விப்படுகிறோமே தவிர, உட்கார்ந்து வரிசையாகப் படித்தால்தான் சங்கதி தெரிகிறது: மகத்துக்கு ம, மி, மு, மே, மிஞ்சிய மோ பூரத்துக்கு, அடுத்து டா, டி, டூ, அதில் மிஞ்சிய டே, டோ உத்திரத்துக்கு, அப்புறம் ப, பி. ரேஷன் கடை வரிசை மாதிரி, நிற்கிற இடத்தில் எது வருகிறதோ அதுதான். வடமொழி எழுத்துகளைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள், சிங்கத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நமக்காவது டா. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு ங! ஔவையாருக்கே அதில் ஒரு சொல் கிடைக்காமல் எழுத்தையே சொல்லாக்கித் தப்பித்தார், பெற்றவர்கள் என்ன செய்வார்கள்?

மாப்பிள்ளைக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. இங்கிலீஷ் கணக்கிலும் பாப்பா லியோதான், டபுள் சிங்கம் என்று குதிக்கிறார். அவர்கள் கணக்கு ஜூலை 23 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 22 வாக்கில் முடியும், அது சூரியனை வைத்து. நமக்கு ராசி என்பது சந்திரன் நின்ற இடம், நம் பஞ்சாங்கத்தில் ஆடி முழுக்க சூரியன் கடகத்தில்தான், ஆவணி பிறந்தால்தான் சிம்மத்துக்கு வருவார் என்று சொல்லிப் பார்த்தேன். "சரி அத்தை" என்றார், அவ்வளவுதான். சம்பந்தியம்மாவுக்கோ வேறு ஏக்கம், ஒரு நாள் முந்தியிருந்தால் மகமாம், மகத்துப் பெண் ஜெகத்தை ஆளுமாம். அந்த மக நட்சத்திரத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ரெகுலஸ், லத்தீனில் குட்டி ராஜா என்று அர்த்தம். இதைச் சொல்லி அவர் ஏக்கத்தை வளர்ப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

சிங்கத்தின் பெயரையே வைத்தால் என்ன என்று ஒரு நாள் பேச்சு போயிற்று. தமிழில் மடங்கல், கோளரி, அரிமா என்று எவ்வளவு இருக்கிறது, ஆனால் அரிமா என்று கூப்பிட்டால் ரத்த தான முகாமுக்கு வந்த லயன்ஸ் சங்கத்து ஆள் என்று நினைப்பார்கள். ஏரியல் என்றாள் நித்யா, எபிரேயத்தில் கடவுளின் சிங்கம். நம் ஊரில் அது துணி துவைக்கிற பவுடர். எதிர்வீட்டு பாயின் பேரன் பெயர் ஹைதர், அரபியில் அதுவும் சிங்கம்தான், இத்தனை நாள் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை கடைசியாக சிங்காரி என்றார், அவராகக் கண்டுபிடித்த மாதிரி. சிங்காரம் ச்ருங்காரத்திலிருந்து வந்தது, அழகு என்று அர்த்தம், சிங்காரச் சென்னையில் சிங்கம் எங்கே இருக்கிறது? நிஜமான சிங்கம் வேண்டுமென்றால் நாலு தெரு தள்ளிப் பார்த்தசாரதி கோயிலுக்குள்ளேயே நரசிம்மர், தெள்ளிய சிங்கர், உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது எல்லோரும் ஒத்துக்கொண்டு நிற்கிற பெயர் தாரா. மாப்பிள்ளையின் போனில் சிம்ம ராசிப் பெண் குழந்தைப் பெயர்கள் என்று ஒரு பட்டியல், அதில் டி என்ற இங்கிலீஷ் எழுத்தின் கீழ் தாரா, தன்வி, தனுஜா எல்லாம் வரிசையாக நிற்கின்றன. புரிகிறதா? டா-வையும் தா-வையும் இங்கிலீஷில் ஒரே எழுத்தால்தானே எழுதுகிறோம், அந்த இடுக்கில் நுழைந்து வந்த பெயர் இது. அட்டவணைப்படி தா சுவாதி நான்காம் பாதத்துக்கு, அதாவது துலாம். பேத்திக்கு இரண்டு வீடு தள்ளிய எழுத்து. சம்பந்தியம்மாவுக்குத் திருப்தி, நித்யாவுக்கு நட்சத்திரம் என்ற அர்த்தம் பிடித்திருக்கிறது, ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. தாரா என்றால் வாத்து என்பதையும் சொல்லவில்லை, நீயும் வந்து சொல்லி வைக்காதே.

எனக்கு ஒன்றுதான் மனதில் ஓடுகிறது. பூரத்தில் பிறந்தவர்களில் உங்கள் ஆண்டாளைவிடப் பெரியவள் யார்? துளசித் தோட்டத்தில் கிடைத்த குழந்தையைப் பெரியாழ்வார் கோதை என்று கூப்பிட்டார், மாலை என்று அர்த்தம், அவர் எந்தச் சீட்டையும் பார்த்ததாகக் கதையில் இல்லை. கோ இந்த அட்டவணையில் புனர்பூசத்துக்குப் போகிறது, ராசியே வேறு. தொட்டில் போட்ட அன்று எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் மட்டும் குனிந்து காதில் மூன்று தடவை கோதை என்று சொல்லிவிட்டேன். பாப்பா தும்மினாள். இது உனக்கும் எனக்கும் மட்டும்.

பிறப்பைப் பதிந்தாயிற்று, சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அதற்குப் பன்னிரண்டு மாதம் வரை கட்டணம் இல்லாமல் அவகாசம் இருக்கிறது, எனவே நீ நிதானமாகவே யோசித்து எழுது. கோதை பக்கம் ஒரு ஓட்டுப் போடுவாயென்று எதிர்பார்க்கிறேன், தமிழ் டீச்சர் சொன்னால் நித்யா கேட்பாள்.

ஆவணியில் வருகிறேன் என்றாயே, வா. பால்கோவா வேண்டாம், எனக்குச் சர்க்கரை 210. பாப்பா கையில் கட்ட உங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையில் பேர் சொல்லாதது நூறு கிராம் வாங்கி வா. விளக்கு வைத்தாயிற்று, அதனால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

உன்,
பத்மா